கேலப் ரன்யன் வாய் திறக்காத நாள்

மதிப்பிற்குரிய நீதிபதி ப்ரூவர் அவர்களே, பாதிரியார் லூமிஸ் அவர்களே, முன்வரிசையில் தம் இரு மகன்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் திருமதி ஹல்டா ரன்யன் அம்மையார் அவர்களே, பெஞ்சுகள் போதாமல் சன்னல் கட்டைகளிலும் சாட்சிக் கூண்டுக்குள்ளும் இடம் பிடித்திருக்கும் கிரேன் மாவட்டத்துப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஜேஸ்பர் ஹாஸ்கின்ஸ். ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருக்கிறதே பைன்ரிட்ஜ் மாவட்டம், அங்கிருந்து இந்தியானா சட்டமன்றத்துக்குப் பதினெட்டு ஆண்டுகளாகப் போய்வருகிறவன். மறைந்த கேலப் ரன்யனுக்கு எதிர்க்கட்சிக்காரன். இன்று காலை ரயிலை விட்டு இறங்கியபோது, “இந்த ஆளை யாருய்யா கூப்பிட்டது?” என்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்வி! யாரும் கூப்பிடவில்லை. இந்த இரங்கல் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டு நீதிபதி அவர்களுக்கு நானேதான் கடிதம் எழுதினேன். ஏன் எழுதினேன் என்பது நான் பேசி முடிப்பதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மாண்புமிகு கேலப் ரன்யன் எங்கள் அவையில் இருந்தது ஒரே ஒரு தவணை. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று, ஒரே ஒரு குளிர்காலம்! அவர் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த எச்சில் படிக்கம்கூட அவரைவிட அதிக காலம் அங்கே பணியாற்றியிருக்கிறது. பிறகு ஏன் அந்த ஒரு மனிதரைப் பற்றிப் பேச இவ்வளவு தூரம் வந்தேன்? எத்தனை சபாநாயகர்களைப் பார்த்தேன், எத்தனை ஆளுநர்களைப் பார்த்தேன்! அவர்கள் முகமெல்லாம் எங்கே போயிற்று? இந்த மனிதரின் முகம் மட்டும் ஏன் போகவில்லை?

நாங்கள் இருவரும் அந்த ஆண்டுதான் புதிதாக வந்தவர்கள். தலைநகரில் தங்க இடமில்லை. சட்டமன்றத்துக்குப் பின்தெருவில் திருமதி ஸ்ப்ராக் என்ற அம்மாள் விடுதி நடத்திவந்தார். மிச்சம் இருந்தது ஓர் அறை, ஒரு கட்டில். நான் பெட்டியோடு உள்ளே போனால், அங்கே நெட்டையாக ஒருவர் தம் காலணியில் ஒட்டியிருந்த சேற்றைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

“எந்தக் கட்சி?” என்று கேட்டேன்.

“நீங்க இல்லாத கட்சி.”

“எப்படித் தெரியும்?”

“காலணி பளபளன்னு இருக்கே.”

“சரி, அது போகட்டும். குறட்டை விடுவீங்களா?”

“குறட்டையா? சேச்சே. ஆனா ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டிலை ஆட்டுவேன்.”

உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கு முறைக்காய்ச்சலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும்? ஒருநாள் நடுங்கும், மறுநாள் விட்டுவிடும். கல்யாணத்துக்கு நாள் குறித்தாலும், பன்றி அடிக்க நாள் குறித்தாலும், ‘அன்னிக்கு நடுங்குற நாளா, நல்ல நாளா?’ என்று கேட்டுக்கொண்டுதானே இங்கே எதையும் செய்கிறீர்கள்? தண்ணீர் தேங்காத எங்கள் நிலத்தில் அது கிடையாது. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவருக்கு நடுக்கம் கண்டது. ஐந்து கம்பளிகளைப் போட்டு மூடி, மேலே நானும் படுத்து அழுத்திக்கொண்டேன். அப்படியும் கட்டில் கடகடவென்று ஆடுகிறது. கீழேயிருந்து ஸ்ப்ராக் அம்மாள் துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்கிறார்.

“மேல என்ன கூத்து நடக்குது? ஞாயித்துக்கிழமைன்னு நெனப்பு இருக்கா இல்லையா?”

பல்லெல்லாம் கிட்டிப்போன நிலையிலும் கேலப் குரல் கொடுத்தார்: “அ… அம்மா, ஆடுறது நான் இல்ல. கிரேன் மாவட்டம் ஆடுது!”

அப்படிப்பட்டவர்! கொய்னா மருந்தின் கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டே அடுத்தவரைச் சிரிக்கவைப்பார். போகப்போக அவை முழுவதும் அவருடைய நாள் கணக்கைத் தெரிந்துவைத்திருந்தது. சபாநாயகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “கிரேன் மாவட்ட உறுப்பினருக்கு இன்று பேச வசதிப்படுமா, அல்லது நாளைக்கா?” என்று கேட்பார். “இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு தலைவரே, அதுக்குள்ள முடிச்சிடறேன்” என்று எழுந்துகொள்வார். எங்கள் அவையில் சொன்ன நேரத்துக்குள் பேசி முடித்த ஒரே உறுப்பினர் அவர்தான்.

எதைப் பற்றிப் பேசினார்? ஒன்றே ஒன்றைப் பற்றித்தான். கிரேன் சதுப்பு! தேங்கிக் கிடக்கும் அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடித்தால் காய்ச்சல் போகும், பிள்ளைகள் பிழைக்கும். பன்னிரண்டு மைல் வாய்க்கால் ஒன்றை மாநிலம் வெட்டித்தர வேண்டும். இதுதான் அவர் கொண்டுவந்த மசோதா. அதற்காக ஏழு குளிர்காலங்கள், சதுப்பு உறைந்து காலை வைக்க இடம் கிடைக்கிற நாட்களில், தம் கையால் செய்த மட்டப்பலகையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பனிக்கட்டி மேல் அங்குலம் அங்குலமாக அளந்தவர் அவர். இதோ இந்த அம்மையார்தான் மறுமுனையில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

குழுக் கூட்டத்தில் அவர் செய்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஸ்ப்ராக் அம்மாளிடம் பாத்திரம் கழுவும் பெரிய தகரத் தொட்டியைக் கெஞ்சி வாங்கினார். ஊரிலிருந்து மூட்டையில் கொண்டுவந்த சதுப்பு மண்ணை, புல்லும் வேருமாக அதில் நிரப்பித் தண்ணீர் ஊற்றிக் குழுத் தலைவரின் மேசையில் வைத்தார்.

“பன்னெண்டு மைலுக்குப் பத்தொன்பது அடி சரிவு இருக்குங்க. தண்ணி போகத் தயாராத்தான் இருக்கு. நாமதான் வழி விடல. இப்பப் பாருங்க” என்று சொல்லி ஒரு முனையில் விரலால் கீறினார், மறுமுனையை லேசாகத் தூக்கினார். அவ்வளவுதான்! மொத்தத் தண்ணீரும் தலைவரின் மடியில்!

“போதும்யா, போதும்! தண்ணி ஓடும்னு நம்பறேன்யா! தொட்டியக் கீழ வை!”

குழு அந்த மசோதாவை அன்றே அவைக்குப் பரிந்துரைத்தது. எதிர்த்தவன் நான். சதுப்பை வடித்தால் அந்தத் தண்ணீர் ஆற்று வழியாக எங்கள் சோளக் காட்டின் மேல் வந்து விழும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் பயந்தார்கள். பகலெல்லாம் அவையில் நான் அவரைத் தாக்குவேன், அவர் என்னைத் தாக்குவார். சாப்பாட்டு மேசையில் ஒரே தட்டிலிருந்து ஆப்பிள் பழக்கூழை எடுத்துக்கொள்வோம். “இன்னிக்கு நீ சொன்ன ரெண்டாவது வாதம் நல்லா இருந்துச்சுய்யா, அதுக்குப் பதில் யோசிக்கணும்” என்பார். என் வாழ்நாளில் அதைப் போன்ற ஒரு குளிர்காலம் மறுபடி எனக்கு வாய்க்கவில்லை. அதை நானேதான் கெடுத்தேன்.

பெருமக்களே! மார்ச் மாதம் ஆறாம் தேதி, வியாழக்கிழமை. அந்த மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. கேலப் ரன்யன் என்று பெயரை அழைத்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு குரல் குறைந்து மசோதா தோற்றது. இது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

(பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “தெரியுமே! சதுப்புப் புல்லுல மாடு மேய்க்கிற பண்ணைக்காரங்க கிட்ட வெலபோனான்னு நல்லாவே தெரியும்! செத்தவனைப் பத்தி எதுக்குய்யா கிளறுறே?” கூட்டத்தில் சலசலப்பு.)

அமைதி, நண்பர்களே, அமைதி. அவரை அதட்டாதீர்கள். ஐயா, உங்கள் பெயர்?

(“டோபியாஸ் வீக்ஸ். அவன் வேலிக்கு அந்தப் பக்கம் என் நிலம். என் தம்பி ரெண்டு பேரு காய்ச்சல்ல போனானுங்க.”)

நல்லது, வீக்ஸ் அவர்களே. உட்காருங்கள். நீங்கள் கோபப்படுவது சரி. கோபப்பட வேண்டிய ஆள் யார் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

எங்கள் அவையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு உறுப்பினர் அவசரமாக ஊருக்குப் போக வேண்டியிருந்தால், எதிர்க்கட்சியில் ஒருவரிடம் போய், ‘ஜோடி சேர்ந்துக்கறியா?’ என்று கேட்பார். அவர் சரி என்றால், போனவர் திரும்பும்வரை இருப்பவரும் வாக்களிக்க மாட்டார். ஒரு பக்கம் ஒன்று குறைந்தால் மறுபக்கமும் ஒன்று குறையும், கணக்கு நேராகிவிடும். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வெறும் வாய்வார்த்தை. அவைக்குறிப்பில் ‘வாக்களிக்கவில்லை’ என்று மட்டும்தான் இருக்கும்.

ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எங்கள் அவையில் நூறு பேர். ஒரு மசோதா நிறைவேற ஐம்பத்தோரு பேர் ‘ஆம்’ என்று சொல்லியாக வேண்டும், எத்தனை பேர் வந்திருந்தாலும் சரி. அப்படியென்றால் என்ன? எதிர்க்கிறவன் அவையில் இருந்தால் என்ன, ஊரில் தூங்கினால் என்ன? அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை! ஆதரிக்கிறவன் மௌனமாக இருந்தால்தான் நஷ்டம். இது பழைய உறுப்பினர்களுக்கெல்லாம் அத்துப்படி. புதிதாக வந்த கேலப்புக்குத் தெரியாது. புதிதாக வந்த எனக்கும் தெரியாது. எங்கள் கட்சிக் கொறடா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். அதற்கு முந்தின பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். ஊருக்குப் போக விடுப்புக் கேட்டேன். “போய்ட்டு வா. ஆனா சும்மா போகாதே. அந்தச் சதுப்புக்காரனைக் கட்டிப்போட்டுட்டுப் போ” என்று கொறடா சொன்னார். ஐம்பத்தொன்றின் கணக்கையும் விளக்கினார். திங்கட்கிழமை காலை, திருமதி ஸ்ப்ராக்கின் மேசையில், வறுத்த சோளக் களியை வைத்துக்கொண்டு கேலப்பிடம் கேட்டேன்.

“கேலப், வீட்ல அவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. நான் போகணும். ஜோடி சேர்ந்துக்கறியா?”

“எத்தனை நாளு?”

“சனிக்கிழமை வரைக்கும்.”

“இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா? மொதல்ல கெளம்பு” என்றார். நான் பெட்டியைக் கட்டுவதற்குள் மாடிக்கு ஓடி, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கிரான்பெரிப் பழத்தை ஒரு பையில் போட்டு எடுத்துவந்தார். “புள்ள பெத்தவளுக்கு வாய் கசக்கும். சக்கரை போட்டு வேகவெச்சுக் குடு.” அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் ரயிலில் போனேன். தெரிந்தேதான் போனேன், பெருமக்களே. தெரிந்தேதான்!

புதன்கிழமை எனக்குப் பெண் பிறந்தது. தாயும் சேயும் நலம். அங்கே தலைநகரில் மசோதாவை முன்னுக்கு இழுத்து வியாழக்கிழமைக்கே வைத்துவிட்டார்கள். அன்று காலை நடந்ததை வாயிற்காப்பாளர் பிறகு எனக்குச் சொன்னார். கேலப்பின் கட்சிக்காரர்கள் எல்லாம் அவர் இருக்கையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“உனக்கு மூளை இருக்காய்யா? அவன் இங்க இல்லாததால அவனுக்கு என்ன போச்சு? நீ வாய மூடினா நமக்குத்தான் ஒண்ணு கொறையும்!”

“இப்பத்தான் புரியுது.”

“புரிஞ்சுதுல்ல? ஓட்டைப் போடு.”

“புரிஞ்சது இன்னிக்கு. வார்த்தை குடுத்தது திங்கக்கிழமை.”

நானே அவரை விடுவித்தால் ஒழிய வாக்களிப்பதில்லை என்றார். உடனே எனக்குத் தந்தி அடித்தார்கள். ‘கேலப்பை விடுவிக்கவும். ஒரு சொல் போதும்.’ காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் அது என் கைக்கு வந்தது. வாக்கெடுப்பு பதினொன்றுக்கு. தந்திக்காரர் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தார். “பதில் ஏதும் இருக்குங்களா, மிஸ்டர் ஹாஸ்கின்ஸ்?” என்று கேட்டார்.

“இல்லை” என்று சொன்னேன்.

பதில் இல்லை! ஒரு சொல் போதும் என்றார்கள், அந்த ஒரு சொல்லை நான் தரவில்லை. பதினொரு மணிக்குப் பெயரை அழைத்தார்கள். அன்று அவருக்கு நடுங்கும் நாள். மேசையின் இரு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, நடுங்கியபடி, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார் அவர். ஏழு குளிர்காலம் பனியில் நடந்து அளந்த மனிதர், தம் மசோதா தம் கண் முன்னே சாவதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார். ஆம் ஐம்பது. வேண்டியது ஐம்பத்தொன்று.

சனிக்கிழமை நான் விடுதிக்குத் திரும்பினேன். என்ன திட்டுவாரோ, கையை ஓங்குவாரோ? அறைக்குள் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“பொண்ணா, பையனா?”

“பொண்ணு.”

“குடுத்துவெச்சவன்யா நீ. எங்களுக்கு ரெண்டும் பசங்க. ஒரு பொண்ணு வேணும்னு ஹல்டா சொல்லிக்கிட்டே இருக்கா.”

தந்தியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், வந்து சேரவில்லை என்று பொய் சொல்லத் தயாராக இருந்தேன்.

அதற்கடுத்த ஆண்டு அவருக்கும் பெண் பிறந்தது. லாட்டி. உங்களில் பலர் அந்தக் குழந்தையைத் தூக்கியிருப்பீர்கள். எண்பதாம் ஆண்டு செப்டம்பரில், ஆறு வயதில், காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. ஏழு ஆண்டுகளில் அந்த வாய்க்கால் வெட்டி முடிந்திருக்கும். சதுப்பு காய்ந்திருக்கும். பத்திரிகையில் அந்த நான்கு வரிச் செய்தியைப் படித்தபோது என் மகள் எதிரே உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் வந்தேனா? ஒரு கடிதம் எழுதினேனா? இல்லை. வெட்கம் என்றுதான் அன்று நினைத்தேன். அது கோழைத்தனம்.

நீங்களும் ஒன்று செய்தீர்கள். அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடித்தீர்கள், அது உங்கள் உரிமை. விலைபோனவர் என்றீர்கள். தேவாலயத்தில் அவர் குடும்பம் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் உட்காரவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒவ்வொரு அக்டோபரிலும், தண்ணீர் வற்றும் நாட்களில், அவர் மண்வெட்டியோடு இறங்கித் தாம் அளந்த கோட்டிலேயே வாய்க்கால் வெட்டினார். பதினெட்டு ஆண்டுகளில் இரண்டு மைல்! ‘பாவம் செஞ்சவன் தோண்டட்டும்’ என்று வேலி ஓரம் நின்று சிரித்தவர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கலாம். நான் குற்றம் சொல்லவில்லை. உங்களைச் சிரிக்கவைத்தவனே நான்தான்.

ஒரே ஒருமுறை அவரை மறுபடி சந்தித்தேன். எண்பத்திரண்டில், ரயில் மாறும் சந்திப்பு நிலையத்தில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார். என்னால் தாங்க முடியவில்லை.

“ஏன்யா உன் ஊர்க்காரங்க கிட்ட உண்மையச் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னேனே. வார்த்தை குடுத்திருந்தேன்னு சொன்னேன்.”

“யாருக்குன்னு சொன்னியா?”

“அதைத்தான் கேட்டாங்க. யாரு, எதுக்காகப் போனான்னு. என்னன்னு சொல்றது? ஒரு பொம்பளையோட பிரசவத்தைத் தெருவுல இழுத்துப்போட்டுப் பேசச் சொல்றியா? அந்தக் கொழந்தை பொறந்த நாளை ஒரு மாவட்டமே சபிக்கும். வேணாம்யா.”

“உன் பேரு போச்சே, கேலப்!”

“ஹல்டாவுக்குத் தெரியும்” என்றார். அவ்வளவுதான். வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அம்மா, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக என் பெயர் உங்களுக்குத் தெரியும். இன்று காலை உங்கள் வீட்டு வாசலில் நான் வந்து நின்றபோது, ‘உள்ள வாங்க, வெளிய குளிரா இருக்கு’ என்றுதானே சொன்னீர்கள்!

பெருமக்களே! வரும் வியாழக்கிழமை அவை கூடுகிறது. முதல் நாளே நான் ஒரு மசோதாவைக் கொடுக்கப்போகிறேன். கிரேன் சதுப்பு வடிகால் மசோதா. அதே அளவுகள், அதே பத்தொன்பது அடி, அவர் கையெழுத்திலேயே இருக்கும் அந்த வரைபடம். இன்று காலை அம்மையார் அதை என்னிடம் ஒப்படைத்தார். இரண்டு மைலை அவர் வெட்டிவிட்டார், மீதி பத்து மைலை மாநிலம் வெட்டட்டும். எங்கள் ஊர் நிலத்துக்குக் கரை கட்ட வேண்டும் என்றால் அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். என் கட்சி என்னை வெளியே தள்ளலாம். என் ஊர்க்காரர்கள் அடுத்த முறை என்னை வீட்டில் உட்காரவைக்கலாம். வைக்கட்டும்! யாரோடும் ஜோடி சேர மாட்டேன். யாருக்குப் பிரசவமானாலும், எனக்கே மரணமானாலும், என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் அந்த அவையில் வையுங்கள். இது என் உறுதி.

இன்னும் ஒன்று. நீதிபதி அவர்கள் என் கையில் ஒரு தீர்மானத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ‘காலஞ்சென்ற கேலப் ரன்யன் இயன்ற அளவு இம்மாவட்டத்துக்குத் தொண்டாற்றினார்’ என்று இருக்கிறது. இயன்ற அளவு! என்னை மன்னிக்க வேண்டும் நீதிபதி அவர்களே, இதை என்னால் வாசிக்க முடியாது. அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டு ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘அவர் விலைபோகவில்லை. அவருக்கு நாங்கள் அநீதி செய்தோம்.’ இதற்குச் சம்மதம் என்பவர்கள் வாயால் சொல்ல வேண்டாம், எழுந்து நின்றால் போதும். நான் அவசரப்படுத்தவில்லை. காத்திருக்கிறேன்.

(பின்வரிசையில் டோபியாஸ் வீக்ஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். பிறகு அவர் வரிசை. பிறகு கூடம் முழுவதும்.)

நன்றி, வீக்ஸ் அவர்களே. எல்லோருக்கும் நன்றி. எழுத்தர் அவர்களே, எழுதிக்கொள்ளுங்கள், ஒருமனதாக.

அம்மா… அம்மா, நீங்கள் எதற்காக எழுந்துகொள்கிறீர்கள்? உட்காருங்கள். நீங்கள் எழ வேண்டாம். இன்று நாங்கள் நிற்கிறோம்.